போகும், போங்க

விளாங்குடியிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை என் கணவர்தான் தினமும் காலையில் என்னை வண்டியில் கொண்டுவந்து விடுவார். அங்கே எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட முடியும். ஒன்பது வருடமாக இதே பாடு. இந்த ஒன்பது வருடத்தில் நாங்கள் சிக்னலில் ஒழுங்காக வரிசையில் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மற்றவர்கள் நிற்பார்கள், நாங்கள் நுழைவோம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில், காருக்கும் சாக்கடைக்கும் நடுவில், எங்கே ஒரு சந்து தெரிந்தாலும் நுழைவோம். மதுரையில் இதைத் தப்பு என்று திட்டுகிறவர்கள் காரில் போகிறவர்கள் மட்டும்தான். அவர்களும் பைக்கில் ஏறிவிட்டால் நுழையத்தான் செய்வார்கள்.

என் கணவரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டி நுழைந்துவிடும். எதிலும் உரசக்கூடாது என்று இரண்டு கண்ணாடிகளையும் உள்பக்கம் மடக்கி வைத்திருந்தார். அந்தக் கணக்கில் நான் சேர்த்தி இல்லை. சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிறவள் நான். என் முட்டி இரண்டும் இடது பக்கம் ஹேண்டில்பாரையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அளவு பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. சந்து தெரிந்ததும் தலையைத் திருப்பாமலே "போகுமா?" என்பார். நான் எட்டிப் பார்த்து, "போகும், போங்க" என்பேன்.

"நம்ம வண்டிக்கு இவ முட்டிதான் இண்டிகேட்டரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது அதை எழுதக் கூசுகிறது.

அன்று சமைக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துபோய், கிளம்பப் பத்து நிமிடம் தாமதம். ஆரப்பாளையம் தாண்டி ஒரு சிக்னலில் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. வலது பக்கம் ஒரு டவுன் பஸ். இடது பக்கம் சாக்கடையோரமாக ஒரு மொபெட். அதன் பின்னால் வாழையிலைக் கட்டு, ஆள் உயரத்துக்கு. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"போகுமா?"

போகாது என்று எனக்குத் தெரிந்தது. இதை யாரிடமும் மழுப்பப் போவதில்லை. தெரிந்தேதான், "போகும், போங்க" என்றேன்.

மொபெட்டின் ஹேண்டில் என் முட்டியில் இடித்தது. வலி மண்டை வரை ஏறியது. "ஏம்மா!" என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அதே நேரம் பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இலைக்கட்டின் பாரம் இழுக்க, நாங்கள் காலி செய்துவிட்டு வந்த அந்தச் சந்துக்குள் மொபெட் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் பஸ்ஸைத் தடுக்கிற மாதிரி ஒரு கையை நீட்டினார். அதற்குள் பின்சக்கரம் வந்துவிட்டது.

"என்னாச்சு?" என்று என் கணவர் கேட்டார். கண்ணாடிகள் மடங்கியிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல, போங்க."

எட்டேகால் பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் பேப்பரைப் பிரித்தால் ஓரத்தில் நான்கு வரி. இலை வியாபாரி பலி. பேருந்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்த ஓட்டுநர் கைது. அந்த அதிவேகம் என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது ஐயா, அப்போதுதான் ஓரடி நகர்ந்தது! யாரிடம் போய்க் கத்துவது? சேலைக்குள் என் முட்டி கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. உலகத்திலேயே அந்த வீக்கம் ஒன்றுதான் அந்த டிரைவருக்குச் சாட்சி.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முட்டியைக் காட்டினேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எவனும் பாத்தானா?"

"தெரியல."

"வண்டி எம்பேர்ல இருக்கு. நீ வாயத் தொறந்தா கேஸு எந்தலையிலதான் விடியும். ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, சொல்லு."

நான் சேலையை இழுத்து முட்டியை மூடினேன். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது, இரண்டு கண்ணாடிகளையும் அவர் நிமிர்த்தி வைத்திருந்தார்.

வீக்கம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிக்கொண்டே வந்தது. குளிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். அது முழுக்க மறைந்துவிட்டால் நானும் இதை மறந்துவிடுவேனோ என்று பயந்தேன். சீக்கிரம் மறைந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அதற்குள் அந்த டிரைவர் ஜாமீனில் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் வாசலில், காக்கி இல்லாமல் கட்டம் போட்ட சட்டையில் தினமும் நின்றார். எங்கள் பஸ் கண்டக்டர்தான் அவரைக் காட்டினார். "இருவது வருசமா ஒரு கோழியக்கூட அடிக்காத மனுசன்க்கா. கேஸு முடியிற வரைக்கும் வண்டி குடுக்க மாட்டாங்க. வீட்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிரும்னு இங்கன வந்து நிக்கிறாரு."

நான்கு நாள் அவரைக் கடந்து போனேன். ஐந்தாம் நாள் லீவு போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போவதாகக் கணவரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. அவரே கொண்டுபோய், எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்.

ஏட்டு வயதானவர். உட்காரச் சொன்னார்.

"அந்த டிரைவர் மேல தப்பு இல்லீங்க. ஒரு பைக்கு நடுவுல நுழைஞ்சு மொபெட்ட இடிச்சிருச்சு. நான் பாத்தேன்."

"அப்படி நுழையிறது ஊரே செய்யிறதும்மா. அதுக்குன்னு தனியா ஒரு கேஸு பேரு கிடையாது. ஆள் செத்துப்போனதால, அஜாக்கிரதையா ஓட்டுனான்னு ஒருத்தன் மேல போட்டுத்தான் ஆகணும். பஸ்ஸு கிடைச்சுச்சு, போட்டாச்சு." வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. வண்டி நம்பர் மட்டும் இருந்தாப் போதும், அந்த டிரைவரு பொழச்சுக்குவான்."

பெயர், முகவரி, பார்த்த இடம் எல்லாம் எழுதினேன். பேனா நம்பரிடம் வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்ப்பக்கம் எங்கள் வண்டியின் நம்பர் பலகையே தெரிந்தது. அதைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, அதன் கடைசி நான்கு எண்கள்தான் என் செல்போனின் பூட்டு. பலகைக்குப் பக்கத்தில் என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர கவனிக்கலீங்க."

ஏட்டு தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்துவிட்டு, நாலாக மடித்தார். "வாரவங்க எல்லாம் இதத்தாம்மா சொல்றீங்க."

வெளியே வந்தேன். "என்னாச்சு?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

இப்போது நான் சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறேன். சிக்னலில் வரிசையில் நிற்கிறோம். பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். எட்டேகால் பஸ் பல நாள் போய்விடுகிறது. கட்டம் போட்ட சட்டை இன்னும் டைம் ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறது. நான் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போகிறேன்.

நேற்று அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பெண், தன் செல்லில் சார்ஜ் இல்லையென்று என்னுடையதைக் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"பூட்டியிருக்கேக்கா, நம்பர் என்ன?"

நான்கு எண்ணையும் தடுமாறாமல் சொன்னேன்.