‘என்னைக்கு?’ என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் தினசரி காலண்டர் தாளில் நாளும் நட்சத்திரமும் பிழைபார்த்துக்கொண்டிருந்தேன். பைண்டிங் பகுதியிலிருந்து மாரியம்மாள் வந்து மேசையருகே நின்றாள். “பரமசிவம் அண்ணாச்சி தவறிட்டாகளாம் செல்வியக்கா” என்றாள். காலையில், ஆமத்தூரில், அவருடைய வீட்டிலேயே மாரடைப்பு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து அச்சகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அன்று என் கண்ணில் எந்தக் கிழமையும் நிற்கவில்லை என்பதால் பிழைபார்த்த தாளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிக்கிற எங்கள் சிவகாசி அச்சகத்தில் அவர் மேனேஜராக இருந்தார். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. ஆகிரும். லேபிள் எப்போது வரும் என்று கேட்டால் ஆகிரும். அச்சடிக்கப் பிளேட் தயாரா என்றால் ஆகிரும். இதைச் சொல்கிறவர் யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லும்போது அவருக்கே அது நிஜமென்றுதான் தோன்றும். ஒரு தீபாவளி சீசனில் புஸ்வாணப் பெட்டி லேபிள் ஒன்று இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டது. நான் இன்னும் டிசைனை முடிக்கவில்லை என்று நினைத்து மெஷின்காரர் காத்திருந்தார். முதலாளி பார்த்துச் சரி சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். முதலாளியோ அது அடித்தே முடிந்தது என்று நினைத்திருந்தார். பட்டாசு ஆலையிலிருந்து லோடு ஏற்ற வேன் வந்து நின்றபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேன் டிரைவர் பாவம், டீ மேல் டீயாகக் குடித்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அண்ணாச்சி ஒரு லோடு ஆட்டோவில் பெரிய ஒயிட்போர்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். தண்ணீர்க் கேனுக்கு மேலே, எல்லோரும் வந்துதான் ஆக வேண்டிய இடத்தில் அதை மாட்டினார். கோடு கிழித்து, என்ன வேலை, யாரு, என்னைக்கு என்று எழுதினார். மெஷின்காரர் பழைய பழக்கத்தில் “ஆகிரும்ணாச்சி” என்றபோது மார்க்கரை அவர் கையிலேயே கொடுத்தார். “எழுது. ஆகிரும்ங்கிறத எந்தக் கட்டத்துல எழுதுவ? கிழமையச் சொல்லு.” மெஷின்காரர் புதன்கிழமை என்று எழுதினார்.

எனக்கு அந்தப் போர்டைக் கண்டாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெளியே போனால் வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேசுகிறவர்கள் பெயரை எழுதுவான். என் பெயர்தான் எப்போதும் முதலில் இருக்கும். அதே வேலையை நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா என்று அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். “அது மாட்டிவிடுற போர்டு தாயி. இது ஒருத்தர ஒருத்தர் கேட்டுக் கேட்டு உசிர எடுக்காம இருக்க.” நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண் தானாகவே என் பெயரைத் தேடியது. செல்போன் குழுவில் போட்ட தகவல் அரை மணி நேரத்தில் மேலே போய்விடும், போர்டில் எழுதியது அங்கேயே நிற்கும். தப்பாக எழுதியிருந்தால் துடைத்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம், யார் முகமும் வாட வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குப் புரிந்தபோது நான் அவரோடு போதுமான அளவு சண்டை போட்டு முடித்திருந்தேன்.

முதலாளிக்கு வேறொரு கவலை. ஆர்டர் கொடுக்க வருகிற பார்ட்டிகள் போர்டைப் பார்த்து, மற்ற பார்ட்டிகளுக்கு என்ன அடிக்கிறோம், என்றைக்குக் கொடுக்கிறோம் என்று மோப்பம் பிடித்துவிடுவார்களே என்றார். போர்டைக் கழற்றச் சொன்னார். அண்ணாச்சி கழற்றவில்லை, ஒரு கம்பியில் சிவப்புத் திரை கோத்து அதன்மேல் தொங்கவிட்டார். வெளியாள் வந்தால் திரை மூடும், போனால் திறக்கும். அதற்குப் பிறகு பைண்டிங் பெண்கள் அதன் முன்னால் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் முதலாளியே காலையில் வந்ததும் “என்ன பரமசிவம், நடை தொறந்தாச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

பிறகு அவர் இன்னொரு கட்டம் சேர்த்தார். அதில் வேலை கிடையாது, ஆட்கள்தான். பிள்ளைக்குக் காதுகுத்து, ஊர்ப் பொங்கல், ஆஸ்பத்திரி என்று அவரவர் வர முடியாத நாளை அவரவரே எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் மெஷினுக்கு ஆள் போடுவார். அதற்கு முன்னால் சீசன் நேரத்தில் லீவு கேட்டால் கிடைக்காது என்பதால் எல்லோரும் சாவு சொல்லித்தான் லீவு வாங்குவார்கள். கட்டிங் மெஷின் கணேசன் தன் பெரியப்பாவைப் பல தடவை சாகடித்திருந்தான். இந்தக் கட்டம் வந்த பிறகு அந்தப் பெரியப்பா நிம்மதியாக உயிரோடு இருந்தார். “பொய் சொல்ல வெக்கிற கம்பெனில லேபிள் மட்டும் எப்படிச் சரியா வரும்?” என்று அண்ணாச்சி ஒருமுறை முதலாளியிடமே கேட்டார்.

அந்தக் கட்டத்தில் எல்லோர் பெயரும் வந்துபோகும், அவர் பெயர் மட்டும் வராது. ஒருநாள் மதினி, அவருடைய மனைவி, எனக்குப் போன் செய்தார். நெஞ்சு வலிக்கு டாக்டர் மதுரைக்குப் போய் ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார், இவர் கேட்கவே மாட்டேன் என்கிறார், நீயாவது சொல்லு என்றார். நான் நேராகப் போய் அவர் எதிரில் நின்று, “என்னைக்கு அண்ணாச்சி?” என்றேன். “சீசன் முடியட்டும் தாயி, ஆகிரும்” என்றார். அந்தச் சொல்லைச் சொன்ன வாயை அவரே ஒரு நிமிடம் கையால் மூடிக்கொண்டார். ஆனாலும் போகவில்லை.

நான் போர்டில் எழுதினேன்: ஆஸ்பத்திரி, பரமசிவம். கிழமைக்கு இடம் விட்டேன். சாயங்காலம் பார்த்தால் அழித்திருந்தார். மறுநாள் காலையில் அதே வரி மாரியம்மாளின் உருண்டை எழுத்தில் இருந்தது. அதையும் அழித்தார். அடுத்து கணேசனின் கோழிக்கிறுக்கல். அழித்தார். அவர் அழிக்க அழிக்க ஆளுக்கொருவராக எழுதினோம். முடித்தவர்தான் அழிக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம், அதை அவரே மீறுகிறார் என்று பைண்டிங் பெண்கள் அவர் காதுபடப் பேசினார்கள். கடைசியில் ஒரு காலையில் பச்சை மார்க்கரில், முதலாளியின் சாய்ந்த கையெழுத்தில் அந்த வரி இருந்தது. கிழமையும் இருந்தது, வெள்ளி. கீழே “கார் வரும்” என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அதை அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காரில் ஏறினார்.

இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்த அன்று டஸ்டரைக்கூடத் தேடாமல் அந்த வரியை உள்ளங்கையாலேயே துடைத்தார். “இப்ப அழிக்கலாம்ல?” என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அச்சகமே சிரித்தது.

இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. ஓய்வு பெற்றதும் சால்வை போட்டு, வாழ்த்துப் பேசி, வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டில் அவர் பெயரை எழுத யாரும் இல்லை. திரும்பப் போய்க் காட்ட வேண்டிய நாள் வந்தது, தள்ளிப்போட்டார். மறுபடி தள்ளிப்போட்டார். “ஆகிரும், ஆகிரும்னே சொல்லிக்கிட்டு இருந்தாக செல்வி” என்று மதினி துக்கத்தன்று சொன்னபோது எனக்கு அண்ணாச்சியை எழுப்பிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. ஒரு அச்சகத்தையே கிழமை சொல்ல வைத்த மனிதர் தன் உயிருக்கு ஒரு கிழமை சொல்லவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

நேற்று மதினியைப் பார்க்க மறுபடி ஆமத்தூர் போனேன். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. என்னவென்று கேட்டேன். கட்டைவிரலில் சர்க்கரைப் புண், அண்ணாச்சி இருக்கும்போதே வந்தது, ஆறவில்லை. துணியை விலக்கிக் காட்டினார். விரல் கறுத்திருந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். பதினாறாம் நாள் விசேஷம் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சுவரோரம் இருந்த உறவுக்காரப் பெரியவர் அவருக்குப் பதிலாகச் சொன்னார். “விசேஷம் முடியட்டும் செல்வி, ஆகிரும்” என்றார் மதினி.

நான் யோசிக்கவில்லை. “என்னைக்கு மதினி?” என்று கேட்டுவிட்டேன்.

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று அந்தப் பெரியவர் என்னை முறைத்தார். மதினி என்னைப் பார்க்கவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வர்ற வியாழக்கிழமை” என்றார். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஒரு ஆளு ஒத்திப்போட்டது போதும் மாமா” என்றார் மதினி. குரல் உயரவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். இதைக் கேட்டால் மரியாதை தெரியாதவள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வியாழக்கிழமை காலை ஆமத்தூரில் மதினி வீட்டு வாசலில் காரோடு நிற்பேன். மதினி வந்து ஏறும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.