தூக்கிடலாமுங்க

மருவை எடுத்தாகிவிட்டது, அடுத்து, தொங்கும் கன்னம். நவநீதகிருஷ்ணன் மவுஸை இரண்டு இழுப்பு இழுக்கிறார். அறுபது வயதுக் கோழிப்பண்ணைக்காரர் நாற்பத்தைந்துக்கு இறங்கி வருகிறார். "கழுத்துல ஒரு தேமலு இருக்குதுங்களே" என்கிறார், நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பண்ணைக்காரரின் மச்சான். "தூக்கிடலாமுங்க." தேமல் போகிறது. அதோடு கழுத்தில் கிடந்த ருத்திராட்சமும் போய்விடுகிறது. "அதைய மறுக்காப் போட்டுறலாமுங்க" என்று பழையதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டிவிடுகிறார்.

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கிறது 'நவநீ கிராஃபிக்ஸ்'. காதுகுத்து, கிரகப்பிரவேசம், கட்சிப் பதவி, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் இங்கேதான் வருவார்கள். எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்குப் பேனர் சொல்லப் போனதில்தான் எனக்கும் அவருக்கும் பழக்கம். எளிமையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நூலக வாசலில் பார்த்தால் வட்டச் செயலாளராகிய எனக்குத் தலை நிறைய முடி. பின்னால் தும்பிக்கை தூக்கிய இரண்டு யானைகள். கேட்டதற்கு, "நாலு யானை வெச்சிருந்தனுங்கண்ணா. நீங்க எளிமைன்னு சொன்னதால ரெண்டைத் தூக்கிட்டனுங்க" என்றார். அந்த முடிக்காகத்தான் நான் சண்டை போடாமல் திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவநீக்கு முப்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, சற்றே விடைத்த காதுகள், தோளில் எந்நேரமும் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டு வியர்வைக்கு அல்ல. திரையில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசியா, முகத்தில் இருக்கும் மச்சமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலில் துண்டின் முனையால் துடைத்துப் பார்ப்பார். போகவில்லை என்றால்தான் மவுஸைத் தொடுவார்.

அவருடைய கைவேலையில் உச்சம், இல்லாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவைப் பறிகொடுத்த பெண்கள் கையில் ஒரு பழைய அடையாள அட்டையோடு வருவார்கள். படத்தை வாங்கிச் சும்மா ஒட்டிவிட மாட்டார் நவநீ. "அப்பா வாட்ச்ச எந்தக் கையில கட்டுவாருங்க? சட்டைக் கைய மடிச்சு உடுவாருங்களா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அச்சாகி வந்ததைப் பார்த்துவிட்டுக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு இவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

ஊரார் கழுத்துக்கெல்லாம் மாலை போட்டுவிட்ட மனிதருக்குப் பெண் கிடைக்கவில்லை. நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு, பன்னிரண்டாம் வகுப்பு, ஒரு பேனர் கடை. எங்கள் பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு ஒரு ஜாதகம்கூட வாங்க முடியாது. தேடித் தேடி வீட்டில் எல்லோரும் ஓய்ந்திருந்த நேரத்தில், மூன்று வருடங்களுக்கு முன், நார்வே நாட்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வேலை வந்தது. பெர்கன் நகரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவுக்கு மேடைப் பின்னணி வேண்டும். இவர் உற்சாகத்தில் கோபுரம், மயில், வாணவேடிக்கை, பனிமலை எல்லாவற்றையும் வைத்து, பக்கத்துக்கொரு சிங்கத்தையும் நிறுத்தி அனுப்பினார். ஈழத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குச் சிங்கம் வைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குரல் பதிவில் பதில் வந்தது. "அண்ணை, வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட பள்ளிக்கூடத்துக்குச் சிங்கமோ? கொஞ்சம் குறையுங்கோ." அந்தக் குரல் தயாளினியுடையது. பருத்தித்துறையில் பிறந்து, சிறு வயதில் நார்வே போய், இப்போது பெர்கனில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இவர் சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை வைக்கவா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் சிரிப்பு மட்டுமே வந்ததாம். "குறையுங்கோ, குறையுங்கோன்னு அவிய சொல்லச் சொல்ல நம்மூருப் பேச்சாட்டவே இருந்துச்சுங்கண்ணா" என்பார் நவநீ. ஆறாவது திருத்தத்தில் கோபுரம் போயிற்று. எட்டில் மயில். பதினொன்றாவது திருத்தத்தில் 'அண்ணை' காணாமல் போனது. விழா முடிந்து பேனரைச் சுருட்டி வைத்த பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன என்றால் மற்றது உங்களுக்கே தெரியும்.

போன வருடம் தை மாதம் தயாளினி பத்து நாள் விடுப்பில் வந்தார். சேலம் அஸ்தம்பட்டியில் விடுதி எடுத்துத் தங்கினார், ஏற்காடு பார்த்தார், நவநீ வீட்டுக்கு வந்து ஒரு மத்தியானம் சாப்பிட்டார். "பஸ்ஸு ஓட்டற புள்ளையாமா? அப்பறம் இவனுக்கு என்ன பயம்" என்று இவருடைய அப்பா சுப்பையன் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சிக்கல். தயாளினியின் அம்மா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். விமானம் ஏறக் கூடாது. தாலி கட்டுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கல்யாணம் அங்கேதான் நடந்தாக வேண்டும். அதற்கு இவர் போக வேண்டும். போவதற்கு வீசா வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருக்கான வீசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. முதலில் இவருக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் அறிவழகன், பக்கத்து வீட்டு சாரதாமணி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுஞ் சாமி, இதுக்கெல்லாமா விசாரணை? இவனுக்குக் கல்யாணம் ஆகலீங்கறதுக்கு ஊரே சாட்சிங்க. நானே பதினோரு பொண்ணு காட்டி, பதினொன்னும் தட்டிப் போச்சுங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார் அக்கா. அரசாங்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அறிவழகன் கையெழுத்துப் போட்டார். மூடியை மாட்டிய பேனாவைப் பையில் வைக்காமல், "அந்த ஊர்ல பஸ் ஓட்டறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டாராம். அவருக்கும் முப்பத்தாறு வயது.

அடுத்தது, காதல் உண்மைதான் என்பதற்கு ஆதாரம். பேசிக்கொண்டதன் பதிவுகள், சேர்ந்து எடுத்த படங்கள். இந்த இடத்தில்தான் நம்ம ஆளுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீசா விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற பிரவீனா என்ற பெண்ணிடம் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மேசையில் அவர் வைத்ததைப் பார்த்து நானே திகைத்துப் போனேன். தங்க எழுத்து பொறித்த அட்டை. உள்ளே வாட்ஸப் உரையாடல்கள் ரோஜாச் சட்டங்களுக்குள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படங்கள்.

பிரவீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். "இது எங்க எடுத்தது?"

"ஏற்காடுங்க."

"இது?"

"எங்க ஊடுங்க."

"ஏற்காட்டுலயும் அதே வானம், உங்க வீட்டுக்குள்ளயும் அதே வானம். ரெண்டுலயும் அதே மூணு புறா."

"வெளிச்சம் பத்துலீங்க. அதனால நம்ம வானத்தப் போட்டுட்டனுங்க."

பிரவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பூந்தோட்டம். நவநீயும் தயாளினியும். இருவருக்கும் நடுவில், பச்சைப் பட்டுச் சேலையில், இரண்டு பேர் தோளையும் தொட்டபடி ஓர் அம்மாள்.

"இவங்க?"

"எங்கம்மாங்க. பாப்பாயி."

பிரவீனா விண்ணப்பத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். "அம்மா ரெண்டாயிரத்துப் பதினேழுல இறந்துட்டாங்கன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்ப இந்த வருசத்துப் படத்துல எப்படி நிக்கிறாங்க?"

"நான்தானுங்க நிக்க வெச்சேன்" என்றார் நவநீ.

பிரவீனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "உங்க மனசு எனக்குப் புரியுதுங்க. அங்க உக்காந்து பாக்கறவருக்குப் புரியாது. ஒரு படம் பொய்யின்னு தெரிஞ்சா, கல்யாணமே பொய்யின்னு தள்ளிடுவாங்க. கை வைக்காத படமாக் கொண்டாங்க. பத்து போதும்."

திரும்பி வரும் பேருந்தில், மல்லூர் தாண்டியதும்தான் விஷயம் வெளியே வந்தது. கை வைக்காத படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. திருத்தியதை அசலின் மேலேயே சேமித்துவிடுவது அவர் பழக்கம். அசலை எந்த வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார்? போனில் இருந்ததையும் இடம் போதவில்லை என்று அழித்திருக்கிறார். "நெசமாப் பழகுனதுக்கு நெசமா ஒரு படம் இல்லீங்களேண்ணா" என்று அவர் சொன்னபோது, ஊர் முகங்களை எல்லாம் திருத்திய கை மடியில் சும்மா கிடந்தது.

இதைத் தயாளினியிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் வெட்கம். மூன்றாம் நாள் காலை கடையில், நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். சிறிது நேரத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் பேருந்துக் கதவு மூடும் சத்தம். "ஐயோ, இதுக்கோ மூஞ்சையத் தூக்கி வச்சிருக்கிறியள்? எடுத்தது எடுத்தபடி எல்லாம் என்னட்டை இருக்கு. உங்கட வானம் எனக்கும் பிடிக்கும், அதாலதான் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப அனுப்பிறன். இனி ஒண்டிலயும் கை வையாதேங்கோ, சரியோ?"

நாற்பத்து மூன்று படங்கள் வந்து இறங்கின. ஏற்காட்டில் மூடுபனி, வானமே இல்லை. ஒன்றில் இவர் வாய் நிறைய பஜ்ஜி. நாற்பத்தோராவது படம் வீட்டில் எடுத்தது, சுப்பையன் எடுத்ததால் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும். தயாளினி எதற்கோ பலமாகச் சிரிக்கிறார். இவருக்குக் கண் பாதி மூடியிருக்கிறது, காது இரண்டும் நன்றாகத் தெரிகிறது. ஓரத்தில் யாரோ நீட்டும் காப்பி டம்ளர். பின்னால் நீலச் சுவர், சுவிட்ச் பெட்டி, உரக்கடைக் காலண்டர். இருவர் தலைக்கும் நடுவில், சுவரில், மாலை போட்ட பாப்பாயி அம்மாள். கண்ணாடியில் டியூப் லைட் பட்டு வலக் கன்னத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

நவநீ திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "சுவரு நல்லால்லீன்னு மொத்தமாத் தூக்கிட்டனுங்கண்ணா. அம்மா இங்கியேதான் இருந்திருக்குது."

அந்தப் படத்தையும் இன்னும் ஒன்பதையும் வெறும் வெள்ளைத்தாளில் ஒட்டி அனுப்பினார். அதன்பிறகு ஐந்து மாதம். ஒரு நாளைக்கு நாற்பது முறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பார். பேனர்களில் அந்தக் கவலை தெரிந்தது. ஒரு வாடிக்கையாளரின் சித்தப்பாவுக்குப் போட வேண்டிய மாலையைப் பக்கத்திலிருந்த டிராக்டருக்குப் போட்டுவிட்டார் ஒரு முறை. 'எப்பங்க கெளம்பறீங்க' என்று கேட்கிறவர்களுக்குப் பயந்து டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினார்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது. தயாளினி தன் அம்மாவிடம் போனைக் கொடுக்க, அந்த அம்மாள் குழறிக் குழறிப் பேசிய இரண்டு வார்த்தை இவருக்குப் புரியவில்லை. "என்ன சொன்னாங்கன்னு தெரீலீங்க. ஆனாச் சிரிச்சாங்க" என்று சந்தில் இருந்த அத்தனை கடைக்கும் ஏறி இறங்கிச் சொன்னார். வைகாசியில் கல்யாணம். காட்டையும் அப்பாவையும் பக்கத்திலேயே கட்டிக்கொடுத்திருக்கும் கூடப்பிறந்த அக்கா பார்த்துக்கொள்வார்.

கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? பத்துக்கு எட்டில் பேனர் வேண்டும், யானை ஆறு, குதிரை ரதம் ஒன்று, விமானம் ஒன்று என்று பட்டியலோடு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் "ஆகட்டுமுங்க" என்று தலையாட்டினார். மறுநாள் காலை நான் போனபோது கடை வாசலில் ஏணி போட்டு அவரே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். யானை இல்லை. புறாவும் இல்லை. நாற்பத்தோராவது படம்தான், சாய்ந்தது சாய்ந்தபடி, காப்பி டம்ளரும் சுவிட்ச் பெட்டியுமாக. கீழே இரண்டு பெயர், ஒரு தேதி.

கடைசி ஆணியை அடித்துவிட்டு இறங்கினார். சந்தின் எதிர்ப்பக்கம் போய் நின்று, தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்த்தார். திரும்பவும் ஏணியில் ஏறினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, அதன் முனையால், அம்மாவின் கன்னத்தில் இருந்த அந்த வெள்ளைக் கோட்டை மெதுவாகத் துடைத்தார்.