ஈர நெல்

ரேஷன் அரிசியை யாராவது ‘ஓசி அரிசி’ என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்கள் ஊர் மிராசுதாருக்கு யூரியா மானிய விலையில் வந்தது. மோட்டாருக்கு மின்சாரம் சலுகையில் வந்தது. அதை ஒருவரும் ஓசி என்று சொன்னதில்லை. நாடு சோற்றுக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிறோம் என்றார்கள். சரிதான். அந்த நெல்லை அறுத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அறுத்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. குறுவைக்குப் புது ரகம் வந்திருந்த காலம் அது. விளைச்சல் அமோகம், ஆனால் அறுப்பு ஐப்பசி மழையில் போய் மாட்டிக்கொள்ளும். கூலியை நெல்லாகத்தான் அளப்பார்கள். அடைமழை முடியும்வரை எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

அந்த வருஷம் அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போன மிராசுதாரின் வண்டிகள் மூட்டையை இறக்காமலே திரும்பி வந்தன. அங்கிருந்த அலுவலர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தாராம். காய்ந்த நெல் பல்லில் நொறுக்கென்று உடையும். இது மாவாக நசுங்கியதாம். மறுநாள் காலை களத்தில் அதே மூட்டைகளைப் பிரித்து எங்கள் கூலியை அளக்க ஆரம்பித்தார், பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர். ஈர நெல் மரக்காலில் பொங்கி நிற்கும், காய்ந்தால் சுருங்கிவிடும். காய வைக்கவும் வெயில் இல்லை.

அம்மாவின் முறை வந்தபோது அவள் கூடையை நீட்டவில்லை. குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்து, மிராசுதார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடித்தாள். கடித்துப் பார்ப்பது விலைக்கு வாங்குகிறவர்கள் செய்கிற காரியம். கூலிக்காரர்கள் அளந்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். என்ன திமிர் என்று காரியக்காரர் அதட்டினார்.

“சர்க்காரு வேணாம்னு தள்ளுன ஈரம், எங்க புள்ளைங்க வயித்துக்கு மட்டும் ஆகுமாங்க?” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

மற்ற பெண்களும் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தார்கள். மிராசுதார் வீட்டுக்குப் போய்விட்டார். நெல் களத்திலேயே கிடந்து முளைவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாட்களெல்லாம் வயல் நண்டும் நத்தையும்தான். எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதற்குள், குறுவை அறுத்த வயலில் அடுத்து நட வேண்டிய தாளடி நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அறுப்புக் கூலி தீராமல் நடுவதற்கு யாரும் இறங்கவில்லை. கடைசியில் மிராசுதார் தன் வீட்டுப் பத்தாயத்தைத் திறந்து, போன சம்பாவில் சேர்த்த காய்ந்த நெல்லை அளக்கச் சொன்னார். அதிலும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கூடையை நீட்டினாள்.

அன்று சாயங்காலமே நடவுக்கு ஆள் கூப்பிடக் காரியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். எங்கள் வாசலை மட்டும் நிற்காமல் தாண்டிப் போனார். அந்தப் பண்ணையில் இனி தனக்கு வேலை இல்லை என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து உலையை இறக்கி, எனக்குச் சோறு போட்டாள்.

“சாப்பிடு,” என்றாள். “நல்லாக் காஞ்ச நெல்லு.”