பேசாத பிள்ளைக்கு எந்த மீடியம்?

கண்டிக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவில் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், எனக்கு ஒரு மேசை தந்தார்கள். கதிரை தரவில்லை. "கதிரைக்கு ரிக்வெஸ்ட் போட்டிருக்கு மிஸ். அதுவரைக்கும் ஃபீல்டுக்குப் போங்க" என்றார் எங்கள் பணிப்பாளர். என் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான உத்தரவு அதுதான். அவர் அதை உத்தரவாக நினைத்துச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

நின்றுகொண்டிருந்த என்னிடம்தான் செல்வராணி வந்தாள். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வீடு, பல்லேகலயில் கார்மென்ட் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயது மகள் சஞ்சனா. இரண்டு காதிலும் ஹியரிங் எயிட். பேச்சு வரவில்லை. தோட்டத்துப் பாடசாலையில் ஒரு வருஷம் கடைசி வாங்கில் உட்கார்ந்து சுவரைப் பார்த்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில ஸ்கூல் தேடுங்கன்னாங்க டீச்சர். ஸ்கூல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கன்னாங்க. ரெண்டு பக்கமும் அலைஞ்சதுக்கப்புறம் ஒங்ககிட்ட போகச் சொன்னாங்க."

அமைதியான பிள்ளை

முதலில் நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். 'அனைவருக்கும் கல்வி' என்று கேட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர்.

"வாங்கோ மிஸ், இருங்கோ. என்ன அமைதியான பிள்ளை! எங்கட பிள்ளையள் ஒண்டுகூட இப்பிடி இல்லை."

செல்வராணியின் முகம் மலர்ந்தது. அதிபர் எழுந்து பிள்ளையின் பின்னால் போய் நின்று, "தங்கச்சி!" என்று உரக்கக் கூப்பிட்டார். பக்கத்து அறையிலிருந்து கிளார்க் ஓடி வந்தார். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். சஞ்சனா மட்டும் மேசையிலிருந்த பூகோள உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குக் கேக்கேல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றார் அதிபர், யோசனையோடு.

"ஆமாங்க சேர். அதுக்குத்தாங்க வந்திருக்கோம்" என்றாள் செல்வராணி.

பிறகு அவர் தங்கள் பாடசாலையின் கொள்கையை விளக்கினார். எல்லாரையும் உள்வாங்குவதுதான் கொள்கை. கொள்கையில் ஒரு பிழையுமில்லை. இடம்தான் இல்லை. அதோடு புலமைப்பரிசில் பரீட்சை ரிசல்ட்ஸையும் யோசிக்க வேண்டும்.

வகுப்பையாவது பார்ப்போம் என்று போனோம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். ஹியரிங் எயிட்டுக்குப் பாடம் எது, இரைச்சல் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் பெருக்கிக் கொடுக்கும். சஞ்சனா முகத்தைச் சுளித்தாள். இரண்டையும் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். அன்றைக்கு அந்தப் பாடசாலையில் சுற்றி வளைக்காமல் கருத்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

தாய்மொழி

அடுத்தது, கண்டிக்கு வெளியே இருந்த செவிப்புலனற்றோர் பாடசாலை. விடுதியும் உண்டு. சைகை மொழியில் படிப்பிக்கிறார்கள். ஆனால் எழுத்தும் வாசிப்பும் சிங்களத்தில். அதிபர் அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "எனக்கு விருப்பம்தான் மிஸ். ஆனா ஒங்க ஒஃபிஸ்ல கேக்க வேணும்" என்றார்.

அங்கிருந்தே பணிப்பாளருக்கு போன் எடுத்தேன்.

"தாய்மொழி தமிழ்தானே மிஸ்? சிங்கள மீடியத்தில போட சுற்றறிக்கை இடம் தராது."

"சேர், பிள்ளை இன்னும் ஒரு மொழியும் பேசல்ல."

"சரி, தமிழ்ல பேசாம இருக்குதுன்னு வச்சுக்கொள்ளுங்களேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். "அப்ப இங்கேயே ஒரு தமிழ் வகுப்புத் தொடங்கலாமே சேர்?"

"அதுக்குப் பிள்ளைகள் காணாது."

"வகுப்பு இல்லாததாலதான் பிள்ளைகள் வீட்டில இருக்கு."

"வீட்டில இருக்கிற பிள்ளைகள நாங்க கணக்கில எடுக்க ஏலாது மிஸ்."

அந்த நேரத்தில்தான் செல்வராணி, "டீச்சர், பாப்பாவைக் காணோம்!" என்று எழுந்தாள். இடைவேளை விட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே மெயின் ரோட். பஸ் ஹோர்ன் அடித்தாலும் பிள்ளைக்குக் கேட்காது. செருப்பைக்கூடப் போடாமல் செல்வராணி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

மைதானத்தின் மூலையில் சஞ்சனா நின்றாள். அவளைவிட உயரமான ஒரு பிள்ளையோடு ஸ்கிப்பிங் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். உயரமானவள் கயிற்றை விட்டுவிட்டுக் கைகளால் படபடவென்று ஏதோ சொன்னாள். சஞ்சனா உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையை நெஞ்சில் தட்டி, அதே சைகையைத் திருப்பிச் செய்தாள். இன்னும் கோபமாக.

பக்கத்தில் ஓர் ஆசிரியை சிரித்தபடி நின்றார். பெயர் ரிஸ்வானா. அக்குறணைப் பக்கத்தவர். "பயப்படாதீங்க, சண்டை புடிக்கிறாங்க" என்றார். "அடுத்த முறை தனக்கு எண்டு அவ செல்றா. இல்ல, எனக்குத்தான் எண்டு ஒங்கட மகள் செல்றா. அந்தச் சைகைய இப்பத்தான் அவகிட்ட இருந்து புடிச்சுக்கொண்டா."

செல்வராணி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள வாதாடுதுங்க டீச்சர்" என்றாள். "வீட்ல எதக் குடுத்தாலும் பேசாம வாங்கிக்கும். வேணும், வேணாம்னு ஒரு நாளும் காட்டினதில்ல." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இங்கயே வளந்துட்டா, நாளைக்கு நான் எப்பிடிங்க எம்புள்ளகூடப் பேசுறது?"

ரிஸ்வானா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்களும் சைகை படிக்கோணும். நான் வீடியோ எடுத்து ஃபோனுக்கு அனுப்புறன். தமிழ் எழுத்தையும் நானே படிச்சுக் குடுப்பன். எங்கட வீட்டிலயும் தமிழ்தானே."

மிச்சம் சுற்றறிக்கை. அதற்கு அதிபர் அம்மாவே வழி சொன்னார். "யாராவது கேட்டா, பிள்ளை ஸ்கூல் பார்க்க வந்தது, இன்னும் பார்த்து முடியல்ல எண்டு சொல்லுங்க."

சஞ்சனா அந்த வருஷம் முழுக்கப் பாடசாலையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முதல் வாரம் விடுதியில் அழுதாளாம். இரண்டாவது மாதம் வீட்டுக்குப் போனபோது, சோற்றில் உப்பில்லை என்று அம்மாவிடம் கையால் முறைப்பாடு செய்தாளாம். செல்வராணிக்கு அது விளங்கியது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு போன் எடுத்து, உப்பில்லை என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

திறப்பு விழா

எனக்குக் கதிரை வரவில்லை. நான் தோட்டம் தோட்டமாகப் போனேன். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒரு பிள்ளை, கலஹாவில் அக்கா தங்கை, ரிஸ்வானாவின் ஊரில் இன்னும் சிலர். கணக்கில் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே நாளில் அந்தப் பாடசாலையைப் 'பார்க்க' வந்தபோது, அலுவலகத்துக்கு வேறு வழியில்லாமல் போனது. தமிழ் வகுப்புக்கு அனுமதி வந்தது.

திறந்துவைக்கப் பணிப்பாளரே வந்தார். மைக் வேலை செய்யவில்லை. "மைக் இல்லாம எப்பிடிப் பேசுறது? பிள்ளைகளுக்குக் கேக்காதே" என்றார். பேராதனைக்கு ஆள் அனுப்பி வேறு மைக் எடுத்து வரும்வரை எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மைக் வந்தது. அவர் பேசினார், பேசிக்கொண்டேயிருந்தார்.

முன்வரிசையில் சஞ்சனா ரிஸ்வானாவைப் பார்த்துக் கையை அசைத்தாள். ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று பணிப்பாளர் மைக்கிலேயே கேட்டார்.

"ஒங்கள வரவேற்கிறா சேர்" என்றார் ரிஸ்வானா.

கேக் எப்போது வெட்டுவார்கள் என்றுதான் அவள் கேட்டாள்.

இந்த வேலைக்கு இப்போது புதிதாக வருபவர்கள், நல்ல பாடசாலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதிபரின் அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்காதீர்கள். இடைவேளை நேரமாகப் பார்த்துப் போங்கள். பிள்ளையை மைதானத்தில் விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். எந்த இடத்தில் அது சண்டை பிடிக்கிறதோ, குறை சொல்கிறதோ, எதிர்த்துப் பேசுகிறதோ, அங்கே சேர்த்துவிடுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று யாராவது புகழ்ந்தால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.