முந்நூறு கிராம் பஞ்சு

என் அக்காவைப் பந்தயக்காரர்கள் பஞ்சக்கா என்று கூப்பிடுவார்கள். பைக்குகளுக்குச் சைலன்சர் செய்வது அவள் தொழில். சைலன்சருக்குள் உடம்பெல்லாம் துளையிட்ட ஒரு குழாய் இருக்கும். அதற்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் கண்ணாடிப் பஞ்சு திணிப்பார்கள். என்ஜினின் சத்தம் துளைகள் வழியாகப் பஞ்சுக்குள் புகுந்து, அங்கேயே அலைந்து களைத்து அடங்கிவிடும். அந்தப் பஞ்சு தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். அதனால் எந்த வெயிலிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டைதான். வீட்டுக்கு வந்தால் முழங்கை வரை பச்சைத் தண்ணீரில் கழுவாமல் எதையும் தொடமாட்டாள். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தையைப் பார்த்ததும் கைகளை நீட்டிக்கொண்டு கத்துவாள். அக்கா குழாயடியில் நின்று, "இரு வர்றேன், இரு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கழுவிக்கொண்டிருப்பாள்.

அவள் பட்டறையில் ஒரு சமையலறைத் தராசு இருந்தது. அம்மாவுடையது. ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கிப் போனவள் பதினெட்டு வருடம் திருப்பித் தரவில்லை. யார் வண்டியானாலும் பஞ்சை அந்தத் தட்டில் வைத்து முந்நூறு கிராம் நிறுத்த பிறகுதான் குழாயில் சுற்றுவாள். "கொஞ்சம் சேத்துப் போடுக்கா" என்று யாராவது கெஞ்சினால், "உன் வண்டிக்கு நீ போட்டுக்க, என் சைலன்சருக்கு நான் போடுறேன்" என்பாள்.

எங்கள் தெரு பந்தயத் தளத்தின் மதிலில் போய் முட்டும். நானூறு மீட்டர் நேர்ப்பாதை. இரண்டிரண்டு வண்டிகளாக விட்டு யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். முன்பெல்லாம் சத்தத்துக்கு வரம்பே கிடையாது. அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்து வீட்டுக்கு வந்த வாரம், ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் அவர் படுக்கையில் தூக்கிவாரிப்போட்டு மார்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஏழு தெருக்களில் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது. அதன் பிறகுதான் தொண்ணூற்றைந்து டெசிபல் என்ற விதி வந்தது. போட்டிக்கு முன்பு ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் அளப்பார்கள். தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தாண்டினால் அந்த வருடம் முழுக்கத் தளத்துக்குள் வர முடியாது. அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். விதி இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு வேலை குவிந்ததும் அந்த விதியால்தான். அம்மா திட்டித் தீர்த்த வண்டிகளையெல்லாம் மகள் ஊமையாக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அக்காவுக்குத் தானே ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டேன். "இருபது வருஷமா அடுத்தவன் வண்டி கிளம்புறப்ப முதுகைத்தான் பாத்திருக்கேன்டா" என்றாள். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சட்டம், இரண்டு செத்த வண்டிகளிலிருந்து ஒரு என்ஜின். இரண்டு வருடத்தில் ஒரு வண்டி எழுந்து நின்றது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எட்டாவது தெருவிலும் கையெழுத்து வாங்கப் போய்விடுவாள் என்று சிரித்தாள்.

நான் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். ஒலி அளக்கும் கருவியை அனுமதி வாங்கி எடுத்து வந்தேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று கல்லூரி விளையாட்டு மைதானத்தின் கோடியில், முழங்கால் உயரப் புல்லில் வண்டியை நிறுத்தினோம். விதிப்படி குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சாய்வாகக் கருவியைப் பிடித்தேன். அக்கா என்ஜினை நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் ஓடவிட்டாள். தொண்ணூற்று நான்கு. நான் துள்ளினேன். அவள் மட்டும் சைலன்சரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா, பாஸுதானே?"

"பாஸுதான். ஆனா இது என் சத்தம் மாதிரி இல்ல."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்தான் சொல்லிவிட்டதே.

போட்டியன்று சத்தம் அளக்கும் அதிகாரியின் முன் வரிசை நின்றது. அவருக்கும் பட்டப்பெயர் தொண்ணூற்றைந்துதான். காதில் அடைப்பான், கையில் கருவி, முகத்தில் எதுவும் கிடையாது. முன்னால் நின்ற பதினோரு வண்டிகளில் எட்டு வண்டிக்கு அக்கா செய்த சைலன்சர். எட்டும் தேறின. ஒவ்வொருவரும் திரும்பி அவளுக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்கள். அவள் முறை வந்தது.

"தொண்ணூத்தி ஏழு" என்றார் அதிகாரி.

இன்னொரு முறை அளந்தார். அதே எண். காதடைப்பானைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். "பஞ்சக்கா, இது நெசமாவே நீங்க செஞ்சதுதானா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "வைத்தியர் வீட்லயே காய்ச்சலா?" வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஒரு மணி நேரம் இருக்கு" என்றார் அதிகாரி. "இன்னொரு வாட்டிதான். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தோம். இன்னொரு முறையும் தோற்றால் ஒரு வருடத் தடை மட்டும் இல்லை. தன் வண்டியையே அடக்கத் தெரியாதவளிடம் யார் சைலன்சர் வாங்குவார்கள்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் காலுக்குக் கீழே சிமெண்ட் தரை.

"அக்கா, என் தப்புக்கா. அன்னிக்குப் புல்லுல நிறுத்தினோம். புல்லு சத்தத்தைக் குடிச்சிருக்கு. இங்க தரை திருப்பி அடிக்குது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"பாடம் அப்புறம் எடு. வண்டிய ஸ்டார்ட் பண்ணி அதே சுத்துல புடி."

பிடித்தேன். அவள் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். கைப்பிடியைக் காதோடு அழுத்தி, நுனியைச் சைலன்சரின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முன்பக்கம், நடு, பின்பக்கம், அடிப்பக்கம். சுற்றிலும் நாற்பது என்ஜின்கள் அலறிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் தூங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்கிறவளின் கவனம் இருந்தது. என் ஆய்வகத்துக் கருவி எல்லாச் சத்தத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். அவளோ அத்தனை சத்தத்துக்குள் நுழைந்து, தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"அளக்காம போட்டுட்டேன்டா."

"எதை?"

"பஞ்சை." அவள் குரல் இறங்கியிருந்தது. "நெறுத்துதான் வச்சேன். சுத்துறப்ப ஒரு பயம் வந்துச்சு, தோத்துட்டா என்ன பண்றதுன்னு. ஒரு கைப்பிடி கூட வச்சேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எண்ணல."

ஊருக்கெல்லாம் அளந்து போட்டவள் தனக்கு அளக்காமல் போட்டிருக்கிறாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. கூடப் போட்டால் சத்தம் குறையத்தானே வேண்டும்?

"பஸ்ஸு நெறஞ்சிட்டா ஆளுங்க எங்க நிப்பாங்க? வாசல்லதான தொங்குவாங்க? அப்படித்தான் இதுவும். பஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு. சத்தம் உள்ள போக எடமில்லாம நேரா வெளிய ஓடுது."

அதற்குள் ராக்கெட் என்று பட்டப்பெயர் கொண்ட பந்தயக்காரன் வந்துவிட்டான். அவளிடம் மூன்று சைலன்சர் வாங்கிய வாடிக்கையாளன். கையில் சின்ன வாய் வைத்த ஓர் இரும்பு மூடி. "அக்கா, கொழா வாயில இதைச் சொருகுங்க. தொண்ணூறுக்கு வந்துரும்."

"வரும். வண்டியும் நடந்து வரும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொல்றியா?"

அவள் தோல் கையுறையை மாட்டினாள். சைலன்சரின் மேல் ஈரத்துணியைப் போட்டாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துளையிடும் கருவியால், மூடியைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக உடைத்தாள். மூடியைக் கழற்றி உள்குழாயை உருவியபோது பஞ்சு அதன்மேல் பலகைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் தட்டிக் காட்டினாள். டொக்கென்று கேட்டது. அவள் பஞ்சைப் பிரித்துக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினாள்.

ராக்கெட் தலையில் கை வைத்தான். "என்னக்கா பண்றீங்க? தலகாணியில பஞ்சை உருவினா மெத்துனு ஆயிருமா?"

"கல்லு மாதிரி அடைச்ச தலகாணியில ஒரு ராத்திரி படுத்துப் பாரு. காலையில கழுத்து சொல்லும்."

பட்டறையில் இருந்தால் தராசு இருந்திருக்கும். இங்கே எதுவும் இல்லை. அவள் உள்ளங்கையில் பஞ்சை ஏந்தி, ஒரு கணம் நிறுத்தி, சிறிது கிள்ளி எடுத்தாள். மறுபடி ஏந்தினாள். பாதியைத் திருப்பி வைத்தாள். கடைசியில் நகத்தளவு ஒரு துணுக்கை எடுத்து, யோசித்து, அதையும் திரும்ப வைத்தாள். அந்த நகத்தளவைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. மிச்சப் பஞ்சை உதறி உப்பவைத்துக் குழாயில் சுற்றினாள். புது ரிவெட்டுகள் டக் டக்கென்று ஏறின. நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வரிசை கலைந்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் முறுக்கிப் பிடிக்க, என்ஜின் ஐயாயிரம் சுற்றில் ஓடியது. எனக்கே வித்தியாசம் கேட்டது. அந்த ஓசையின் ஓரத்திலிருந்த கரகரப்பு போய்விட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அது அவள் சத்தம்தான். அதிகாரி எண்ணைச் சொல்வதற்கு முன்பே அவள் கையுறையைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"தொண்ணூத்தி நாலு புள்ளி அஞ்சு."

தேறிய வண்டிக்குரிய பச்சை வில்லையை அவரே எடுத்துப் பெட்ரோல் டாங்கில் ஒட்டினார். வழக்கமாக ஓட்டுபவர் கையில்தான் கொடுப்பார்.

முதல் சுற்றில் அவளுக்கு ஜோடியாக வந்தது ராக்கெட்டேதான். மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழே எரிந்து இறங்கின. அக்கா வண்டியின் மேல் படுத்திருந்தாள். பச்சை விழுந்ததும் முன்சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் எழுந்தது. எழுந்தபடியே அவள் போனாள். கிளம்பினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. இங்கே இருந்தாள், பிறகு அங்கே இருந்தாள். ராக்கெட்டின் வண்டி அலறியது. அவளுடையது அலறவில்லை. நீளமாக, ஒரே இழையாக, எங்கும் பிசிறில்லாமல் போனது. இருபது வருடம் அடுத்தவர்கள் முதுகைப் பார்த்தவளின் முதுகு சிறுத்துக்கொண்டே போவதை நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பன்னிரண்டு நொடி. ராக்கெட் அரை வண்டி நீளம் பின்னால் வந்தான். கொடுத்த நேரச் சீட்டில் மணி இரண்டு பதினாலு என்றிருந்தது.

இரண்டாம் சுற்றில் பாதி வழியில் சங்கிலி அறுந்தது. அவள் காலால் உந்திக்கொண்டே கோட்டைத் தாண்டி, திரும்பி வரும்போது பார்வையாளர்களுக்குக் கையசைத்தாள். ஜெயித்தவனுக்குக்கூட அத்தனை கைதட்டல் இல்லை.

மாலையில் பட்டறைக்குப் போய்ச் சைலன்சரைப் பிரித்துப் பஞ்சைத் தராசில் வைக்கச் சொன்னது நான்தான். இருநூற்றுத் தொண்ணூற்றாறு கிராம்.

"நாலு எரிஞ்சு போயிருக்கும்" என்றாள், சாதாரணமாக.

வீட்டில் அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா நேராகக் குழாயடிக்குப் போனாள். நான் எதையும் காட்டிக்கொள்ளாமல், "இன்னிக்கு ரொம்ப இரைச்சலாம்மா?" என்று கேட்டேன்.

"வழக்கம்தான். நடுவுல ஒண்ணு மட்டும், புதுத் துணிய யாரோ நீளமா ஒரே இழுப்புல கிழிச்ச மாதிரி போச்சு. மணி ரெண்டேகால் இருக்கும்." தட்டைத் துடைத்தபடி அம்மா குழாயடிப் பக்கம் திரும்பிச் சற்று உரக்கச் சொன்னாள்: "எல்லா வண்டியும் அப்படி ஓடுச்சுன்னா நான் எதுக்குடி நோட்டைத் தூக்கிக்கிட்டு ஏழு தெரு அலையப் போறேன்?"

தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முழங்கை வரை கழுவ அத்தனை நேரம் ஆகாது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் ஓட்டினாள். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை; சத்தத்தில் ஒருமுறைகூடத் தவறவில்லை. போன மாதம் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. எழுந்திருக்கவில்லை. தராசின் தட்டில் பஞ்சு இருந்தது, முந்நூறு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். இனியும் மறைப்பானேன் என்று, துணி கிழிக்கிற மாதிரி அன்றைக்குப் போனது அக்காவின் வண்டிதான் என்று சொன்னேன்.

அம்மா தட்டில் ஒட்டியிருந்த ஓரிழைப் பஞ்சை விரலால் தொட்டு எடுத்தாள். அரிக்குமே என்று நான் பதறினேன். அவள் அதைக் கீழே போடவில்லை.

"தெரியும்டா" என்றாள். "நெத்தியில ஹெல்மெட் தடத்தோட வந்து நின்னாளே, பெத்தவளுக்குத் தெரியாதா? அவ காதுல விழட்டும்னுதானே அன்னிக்கு உரக்கச் சொன்னேன்."