எந்த நீலம்?

மல்லாவிச் சந்தியில் பேருந்தை விட்டிறங்கி, விமலேஸ்வரியின் வீடு எது என்று கேட்டால், கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். "கெளிறு பொரிக்கிற அக்காவோ?"

பொரித்தல் என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு வேலைகள் உண்டு. எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிப்போம். முட்டையிலிருந்து குஞ்சும் பொரிக்கும். விமலேஸ்வரி செய்தது இரண்டாவது. ஆனால் பேருந்து நடத்துநர் அவளைக் கண்டால் முதலாவதையே பிடித்துக்கொள்வான். "அக்கா, எங்களுக்கும் ஒரு துண்டு பொரிச்சுத் தாங்கோவன்!" பேருந்து முழுவதும் சிரிக்கும். விமலேஸ்வரியும் சிரிப்பாள். ஊர் தன்னைப் பகிடி பண்ணுவது அவளுக்கு உள்ளூர இனித்தது. ஐம்பது வயது வரை அவளைப் பற்றி எவரும் எதுவும் பேசியதில்லை.

தையல் பழகினாள், அவளிடம் தைக்கக் கொடுத்தவர்கள் மறுமுறை வேறிடம் போனார்கள். கோழி வளர்த்தாள், ஒரு மாரிக்குள் எல்லாம் செத்தன. கணவர் பொன்னையா கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். அயல்வீட்டுப் பையன் வெளிநாடு போகும்போது தனது மீன்தொட்டியை இவர்கள் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனான். அதில் பெருவிரல் நீளங்கூட இல்லாத, மீசை வைத்த மீன்கள் சில இருந்தன. கடையில் அவற்றைக் கோரி என்பார்கள். மீசையைக் கண்ட ஊர், கெளிறு என்றே சொன்னது.

ஒரு மழை நாளில் அந்தக் கெளிறுகள் கண்ணாடிச் சுவரில் முட்டைகளை ஒட்டின. சவ்வரிசி போன்ற சிறு மணிகள். மாலைக்குள் தாமே அவற்றைத் தின்றும் தீர்த்தன. விமலேஸ்வரி கதிரையை அருகில் இழுத்துப் போட்டு, கடைசி முட்டை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவள் தாயை முந்திக்கொண்டாள். விரல் நுனியால் முட்டைகளை உருட்டி எடுத்து, வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் இட்டு, காற்றுக் குழாயைச் செருகினாள். பூஞ்சணம் பிடித்து வெளுத்தவற்றை ஊசி முனையால் விலக்கினாள். கிளிநொச்சியில் மீன்கடை வைத்திருந்த பிரதீபன் ஒரு சிறு குப்பி மருந்து கொடுத்தான். மெதிலீன் நீலம். ஒரு துளி விட்டால் பூஞ்சணம் பரவாது, செத்த முட்டைகள் கரும் நீலமாகும். உயிருள்ளவை தெளிவாகவே நிற்கும். குஞ்சுகள் வந்தன. அவித்த மஞ்சட்கருவைத் துணியில் வடித்து ஊட்டினாள். அவை வளர்ந்தன, பிரதீபன் வாங்கினான். ஆண்டுதோறும் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் கண்காட்சியில் அவளுக்கென்று ஒரு மேசை கிடைத்தது. வன்னியில் கெளிற்றுக்குஞ்சு வேண்டுமென்றால் விமலேஸ்வரியிடந்தான் வர வேண்டும் என்று பிரதீபன் ஒரு தடவை எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். அந்த வாக்கியத்தை அவள் மனத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அந்தப் பூட்டைத் திறந்தவனும் அவனே. "உங்கடை ஒரு தொட்டிக் குஞ்சு விக்கக் காணாது, அக்கா. அக்கராயனிலை இருந்து அமராவதி எண்டு ஒரு அம்மா வந்து கேட்டவா. உங்களைத் தெரியுமாம். நான் அவவுக்கு ஆறு மீன் குடுத்திருக்கிறன். முதல் முட்டையைப் பொரிக்க வைச்சுக் காட்டினால், அவவிட்டையும் எடுப்பன். நீங்கள்தான் சொல்லிக் குடுக்கவேணும்."

தெரியுமா என்றால், நன்றாகவே தெரியும். போர் முடிந்தபின் இருவரும் அகதி முகாமில் ஒரே கூடாரத்தை நடுவிலே சேலை கட்டிப் பகிர்ந்தவர்கள். விமலேஸ்வரியின் தாய்க்கு வயிற்றோட்டம் கண்டபோது, தூக்கிச் சென்று கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கிடத்தியவள் அமராவதி. அப்போதே அவளுடைய இடுப்பில் எறிகணையின் செல் துண்டு ஏறியிருந்தது. எடுத்தால் நடக்க இயலாமற் போகும் என்று வைத்தியர் அதை அங்கேயே விட்டுவிட்டார். செய்த உதவியைப் பற்றி அமராவதி பின்னர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால், விமலேஸ்வரி அவளை மன்னித்திருப்பாள்.

அமராவதியின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். விமலேஸ்வரி அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அமராவதிக்குத் தேநீர் கொடுக்கும் குவளை அலுமாரியில் தனியாக இருந்தது. அமராவதி அவளை அக்கா என்றே அழைத்தாள். இருவரும் ஓராண்டிலே பிறந்தவர்கள். அமராவதி தையில், விமலேஸ்வரி ஆறு மாதம் கழித்து ஆடியில். அந்த அக்காவை விமலேஸ்வரி ஒருநாளும் திருத்தவில்லை.

"இடுப்பு இனி வளையாதாம் அக்கா," என்றாள் அமராவதி, முதல் நாள் வந்தபோது. "வயலிலை களை பிடுங்கிப்போட்டு நிமிரேக்கை கண் இருட்டுது. இதெண்டால் இருந்துகொண்டு செய்யலாம். இது சரிவந்தால் நான் வயலுக்குப் போகத் தேவையில்லை."

விமலேஸ்வரி சொல்லிக்கொடுத்தாள். மண்பானைத் தண்ணீரை விட்டுத் தொட்டியைக் குளிரவைத்தால் மீனுக்கு மழை என்று தோன்றும், முட்டையிடும் என்றாள். மீசை தேயாதிருக்க அடியில் மணல் பரப்ப வேண்டும் என்றாள். மின்சாரம் நின்றால் காற்று நிற்கும் என்றும், அதற்குப் பற்றரி வேண்டும் என்றும் சொன்னாள். ஒன்றுகூடப் பொய்யில்லை. பொய் சொல்லாதவள் என்பதில் அவளுக்குச் சிறுவயது முதலே ஒரு செருக்கு இருந்தது. நீலக் குப்பியை மட்டும் அன்று எடுத்துக் காட்டவில்லை. அது அலுமாரிக்குள், தனிக் குவளைக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு கிழமைக்குள் கைப்பேசி ஒலித்தது. மகிழ்ச்சியோ பதற்றமோ மிகுந்தால் அமராவதியின் வாயில் பாட்டனாரின் பேச்சு வந்துவிடும். "முட்டை வச்சிருக்குக்கா! கண்ணாடி பூரா வச்சிருக்கு!"

"முட்டை வச்சிருக்குக்கா," என்று விமலேஸ்வரி அதே இழுவையில் கணவருக்குச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். பொன்னையா சிரிக்கவில்லை.

மறுநாள் மீண்டும் அழைப்பு வந்தது. "அக்கா, நாலைஞ்சு முட்டையிலை வெள்ளையாப் பஞ்சு மாதிரிப் பிடிச்சிருக்கு. மற்றதுக்கும் பரவுமோ?"

"பரவும். நீலம் விடவேணும்."

"நீலமோ? அது வீட்டிலை கிடக்கு, அக்கா. மகளின்ரை வெள்ளைச் சட்டைக்கு வாங்கினது."

நீலம் என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. ஒரே ஒரு சொல். விமலேஸ்வரியின் நாக்கு நுனியில் அது இருந்தது. கண்காட்சி மேசையின் அருகே இன்னொரு மேசை போடப்பட்டிருப்பதும், அதன் பின்னால் அமராவதி கதிரையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பதும் அவளுடைய கண்முன் வந்தன.

"அப்ப பிறகென்ன?" என்றாள். "கனக்க விடாதை."

பொன்னையா அருகிலிருந்து அவ்வளவையும் கேட்டிருந்தார். "அவா உடுப்பு நீலத்தையெல்லோ விடப்போறா?"

"நான் உடுப்பு நீலம் எண்டு சொன்னனானோ?"

"மெதிலீன் எண்டும் நீர் சொல்லேல்லையே."

"கேட்டால் சொல்லியிருப்பன். கேட்டவளோ?"

பொன்னையா தம்முடைய கைப்பேசியைக் கையில் எடுத்தார். "நான் ஒருக்கால் எடுத்துச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அக்கராயனுக்கே போய் இருங்கோ. சோறும் அவளே போடுவாள்."

அவர் கைப்பேசியை மேசையில் குப்புற வைத்தார். பிறகு நெடுநேரம் கிணற்றடியில் நின்றார்.

அடுத்த நாள் முற்பகல் அமராவதி நேரிலேயே வந்தாள். அக்கராயனிலிருந்து பேருந்தில், மடியில் ஐஸ்கிரீம் பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்தபடி வந்திருந்தாள். வழியெல்லாம் குலுங்கிச் சேலை நீலமாகியிருந்தது. "எல்லாத்திலையும் தூள் படிஞ்சு போச்சுக்கா. உசிரு இருக்கான்னு பாருங்க. எனக்குத் தெரியல."

விமலேஸ்வரி பெட்டியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அடியில் நீலச் சேறு படிந்திருந்தது. முட்டைகள் சிறு கூழாங்கற்களைப் போல அதில் கிடந்தன. ஊசியால் ஒன்றைப் புரட்டினாள், செத்திருந்தது. இன்னொன்றும் அப்படியே. ஓரத்தில், தூள் குறைவாகப் படிந்த இடத்தில், சில முட்டைகள் தெளிவாகவே இருந்தன. அவற்றுள் ஒன்றின் உள்ளே மயிரிழை போன்ற ஒரு வால் வெடுக்கென்று துடித்தது. பக்கத்து முட்டையிலும் துடித்தது. நல்ல தண்ணீரில் கழுவி வேறு பெட்டிக்கு மாற்றினால் போதும். ஒரு கைப்பிடிக் குஞ்சாவது தேறும். பிரதீபனுக்குக் காட்ட அது போதும்.

அமராவதி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்திவிடு," என்றாள் விமலேஸ்வரி.

"எல்லாத்தையுமாக்கா?"

"வாழையடியிலை ஊத்திவிடு. மரத்துக்காவது உதவட்டும்."

அமராவதியால் குனிய இயலவில்லை. ஒரு கையால் வாழையைப் பற்றிக்கொண்டு, கால்களை அகட்டி, மெல்ல மெல்ல இறங்கி, பெட்டியைக் கவிழ்த்தாள். மண் நீலத்தைக் குடித்தது. கிணற்றடியில் நின்ற பொன்னையா வாளியை உள்ளே இறக்கினார். அது நீரில் மோதும் ஓசை கேட்டது. விமலேஸ்வரி அப்போதும் பொய் சொல்லியிருக்கவில்லை. ஏவல் வினைக்கு மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை.

"எனக்குக் கைராசி இல்லை, அக்கா."

"எல்லாருக்கும் கை வராதுதானே, அமரா."

மறுகிழமை அமராவதி ஆறு மீன்களையும் கொண்டுவந்து விமலேஸ்வரியின் தொட்டியில் விட்டாள். தன்னிடம் இருந்தால் அவையும் செத்துவிடும் என்றாள். அதற்கு அடுத்த நாள் வயலுக்குப் போனாள்.

கண்காட்சி நாளில் விமலேஸ்வரியின் மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அந்த ஆறு மீன்களும் அவளுடைய கண்ணாடியில் முட்டையிட்டு, குஞ்சுகளும் நீந்தத் தொடங்கியிருந்தன. அமராவதியும் வந்திருந்தாள். வெயிலில் கறுத்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். வந்தவர்களிடம் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கும் இவாதான் எல்லாம் சொல்லித் தந்தவா. என்ரை கைதான் சரியில்லை."

யதுர்ஷிகா என்ற இளம் ஆசிரியை ஒருத்தி குனிந்து பார்த்து, "முட்டையிலை பூஞ்சணம் வராதோ?" என்று கேட்டாள்.

"நீலம் விடுறது, பிள்ளை," என்றாள் அமராவதி, விமலேஸ்வரியை முந்திக்கொண்டு.

"எந்த நீலம்?"

மேசைக்குப் பின்னால் நின்ற பிரதீபன் குப்பியை எடுத்து உயர்த்தினான். "மெதிலீன் நீலம், ரீச்சர். நீலமெண்டவுடனை உடுப்பு நீலத்தைக் கொண்டுபோய் விட்டிடாதேங்கோ. அப்பிடியும் மொக்குச் சனம் இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அமராவதியும் பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி, இடையில் நின்றாள். குப்பியைப் பார்த்தாள். பின்னர் விமலேஸ்வரியைப் பார்த்தாள்.

"மகளின்ரை சட்டைக்கு வாங்கினது எண்டு உங்களுக்குச் சொன்னனான்தானே?"

"சொன்னனிதான்," என்றாள் விமலேஸ்வரி. "எந்த நீலமெண்டு நீ கேக்கேல்லையே."

அமராவதி மேசைமேலிருந்த தொட்டியைப் பார்த்தாள். அவளுடைய ஆறு மீன்களும் மணலை மீசையால் கிளறிக்கொண்டிருந்தன. இடுப்பில் கையை ஊன்றி, இயன்ற மட்டும் நிமிர்ந்தாள்.

"சரி. அப்ப நான் வாறன், விமலேஸ்வரி."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

"ஆர் அவா?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

"முகாமிலை பக்கத்திலை இருந்தவா," என்றாள் விமலேஸ்வரி. "இஞ்சை பாரும், பிள்ளை. முட்டையைக் கண்ணாடியிலை இருந்து எப்பிடி எடுக்கிறதெண்டு காட்டுறன்."

அவள் காட்டினாள். மாலையில் மேசையை மடக்கும்போதும், பேருந்தில் நடத்துநர் வழக்கமான பகிடியை விட்டபோதும், இரவுச் சோற்றின் முன் அமர்ந்தபோதும் ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அதைக் கணவரிடம் சொல்லியும் விட்டாள்.

"அவளின்ரை திமிரைப் பாத்தீங்களே? அத்தினை சனத்துக்கு முன்னாலை, அக்கா எண்டு சொல்லேல்லை."