யோகராணி கையெழுத்துப் போடாத அறிக்கை

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும் காலை ஃபெரியில், கார்களுக்கு நடுவே நின்று பத்திரிகையைப் புரட்டியபோதுதான் யோகராணியின் படத்தைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். கீழே 'பொறுமையின் சிகரம், அனைவரிடமும் அனுசரித்துப் போன பண்பாளர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று தெரியாது. வாசகத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியும், அவருக்குப் பொறுமையும் கிடையாது, அனுசரித்துப் போகிற பழக்கமும் கிடையாது. அதனால்தான் ஒரு பெண்ணின் வேலை போகாமல் நின்றது.

துக்க வீட்டில் நம் தொழிற்சாலைப் பழைய ஆள் ஒருவர் என் காதோடு சொன்னார்: "நல்ல மூளை. கொஞ்சம் வளைஞ்சு கொடுத்திருந்தா எங்கயோ போயிருக்கும்லா." இழவு வீட்டில் சண்டை போடக் கூடாது. அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில் யோகராணி சேர்ந்த வாரமே பிரிவுக் கூட்டம் நடந்தது. எட்டு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் எஞ்சினியர் என்பதால் மேலாளர் அவரைக் குறிப்பெடுக்கச் சொன்னார். யோகராணி மறுக்கவில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தார், யார் எவ்வளவு நேரம் தூங்கினார் என்பது உட்பட எல்லாவற்றையும் எழுதி, தட்டச்சு செய்து, எல்லார் மேசையிலும் வைத்தார். அடுத்த கூட்டத்திலிருந்து அந்த வேலை வேறொருவருக்குப் போனது. தூங்கியவன் நான்தான். அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வரிசையில் ஒவ்வொன்றாக ஓடிவரும் சிப்புகளை மேலிருந்து ஒரு கேமரா படம் எடுக்கும். அந்தப் படத்தைக் கணினியின் நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவர் யோகராணி. அதே இடத்திலிருந்து படத்தைப் படித்து, சிப்பின் கம்பிக் கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் புரோகிராம் என்னுடையது. படம் வைக்க மூன்று இடங்கள் இருந்தன. கேமரா அவற்றைச் சுற்றிச் சுற்றி நிரப்பும், நான் பின்னாலேயே படித்துக்கொண்டு வருவேன். நான் 'முடிந்தது' என்று சொல்லாதவரை அவருடைய டிரைவர் அந்த இடத்தில் புதுப் படத்தை எழுதாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

வரிசையின் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூட்டினோம். டிரைவர் என் 'முடிந்தது'க்குக் காத்திருந்ததில் வரிசை அடிக்கடி நின்றது. நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு யோகராணியிடம் போனேன். கேமரா ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருவதற்குள் என் புரோகிராம் படித்து முடித்துவிடும், காத்திருப்பதே தேவையில்லை என்றேன்.

"எப்பவுமா?" என்று கேட்டார்.

"எப்பவும்."

"எழுதிக் குடு காதர்."

சிரித்து மழுப்பிவிட்டேன். இரண்டு நாள் முரண்டு பிடித்தார். மூன்றாம் நாள், என் வார்த்தையை நம்பி, டிரைவரைக் காத்திருக்க வைத்த அந்தக் காவலை எடுத்தார். வரிசை நிற்காமல் ஓடியது. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள்.

சில வாரங்களில், நல்ல சிப்பு என்று அனுப்பிய தட்டுகளில் கால் வளைந்தவை இருப்பதாக வாடிக்கையாளர் திருப்பியனுப்பினார். மெஷினை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மெஷின் சரியென்றால் மனிதர்தானே தப்பு? அந்த வரிசையில் தட்டுகளைக் கையாண்டவர் சரோஜா. தாசேக் கெலுகோரிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வரும் பெண். கழித்த தட்டையும் நல்ல தட்டையும் மாற்றி வைத்துவிட்டார் என்று அறிக்கை தயாரானது. அதன் மேல் வேலைநீக்கம். அந்தக் காரணத்தோடு வெளியே போனால் தீவில் எந்தத் தொழிற்சாலையும் அவரை எடுக்காது.

"நான் மாத்தல சார். சாமி சத்தியமா மாத்தல" என்று என்னிடம் வந்து சொன்னார் அந்தப் பெண். விசாரிக்கிறேன் என்றேன். அன்று மத்தியானமே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அதில் இரண்டு எஞ்சினியர்கள் கையெழுத்திட வேண்டும். யோகராணி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"மெதுவா ஓட்டிப் பார்த்துட்டு மெஷின் நல்லதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு என்ன மெதுவாவா வேலை பார்த்துச்சு? ஓடுற வேகத்துல பார்க்காம நான் போட மாட்டேன்."

மறுநாள் அறுபது சிப்புகளின் மேல் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டினார். ஒவ்வொரு துண்டிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, அதே எண். என் புரோகிராம் எதைப் படிக்கிறதோ அதை அப்படியே தனியாக எடுத்து வைக்கும்படி என்னை மாற்றச் சொன்னார். சரோஜாவையே கூப்பிட்டு முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். படங்களை அச்செடுத்துப் பார்த்தோம். பதினாறு வரை ஒழுங்காக இருந்தது. அடுத்த படத்தில் மேலே பதினேழு, கீழே இருபது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அழுக்குப் படிந்த சிப்பு வந்தால் என் புரோகிராம் இரண்டு முறை பார்க்கும், தாமதமாகும். அதற்குள் கேமரா சுற்றி வந்து, நான் பாதி படித்துக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே அடுத்ததை எழுதிவிடுகிறது. பதினேழாவது சிப்பின் வளைந்த காலுக்கு, இருபதாவது சிப்பின் நேரான காலைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் இந்தத் தப்பு நடக்காது. என் கணக்கில் அழுக்கே இல்லை.

கூட்டத்தில் யோகராணி அந்தப் படத்தை மேலாளர் முன் வைத்தார். மேலாளர் பினாங்குச் சீனர், வெள்ளிக்கிழமை தவறாமல் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். யோகராணி சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பாஸ், நீங்க இலைய மடிக்கிறதுக்கு முன்னாடி எவனாவது எடுப்பானா? நாங்க எடுத்திருக்கோம். பாதி சாப்பாட்டுல இலைய உருவிட்டு, அதே இடத்துல அடுத்தவருக்குப் பரிமாறியிருக்கோம். அப்புறம் சோறு கலந்துபோச்சுன்னு அந்தப் பொண்ணத் திட்டுறோம்."

மேலாளர் சிரிக்கவில்லை. அந்தக் காவலை யார் எடுத்தது என்று கேட்டார்.

"என் டிரைவர். என் கை. தப்பு என்னது."

என் பக்கம் யோகராணி திரும்பவே இல்லை. நான் என் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி எப்போதோ தீர்ந்திருந்தது.

சரோஜாவின் வேலைநீக்கக் கடிதம் கிழிக்கப்பட்டது. காவலை மறுபடியும் போட்டு, காத்திருக்க வேண்டாதபடி படம் வைக்க இன்னும் சில இடங்களைக் கூட்டினார் யோகராணி. அந்த வருடப் பதவி உயர்வு அவருக்கு இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் கையேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்கு வந்தது. அந்த அறையிலும் அவர் அடங்கவில்லை. டிரைவர் கையேட்டின் முதல் பக்கத்தில் முதல் விதியாக எழுதினார்: 'படிப்பவர் முடித்தேன் என்று சொல்லாமல் அந்த இடத்தைத் தொடாதே. அவர் சீக்கிரம் முடித்துவிடுவார் என்று யார் சொன்னாலும் நம்பாதே.' இரண்டாவது வாக்கியம் யாருக்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரே ஒரு முறை பேச முயன்றேன். டுரியான் பழக் காலத்தில் சில பேராகப் பாலிக் புலாவ் தோட்டங்களுக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் பழம் பொறுக்கப் போன நேரம் பார்த்து, "யோகா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். பிளந்த பழத்தை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. ஈ மொய்க்குது."

அவர் என்னை மன்னித்தார் என்று இங்கே எழுத முடியாது. மன்னிக்கவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. அவருடைய நேர்மை அப்படிப்பட்டது. வளைந்து கொடுத்திருக்கலாமாம்! வளைந்து கொடுத்து எங்கயோ போனவன் எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டுமானால் என்னைப் பாருங்கள்.

துக்க வீட்டு வாசலில் சரோஜாவைப் பார்த்தேன். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். இப்போது அந்த வரிசைக்கே அவர்தான் லீடர். அழுது சிவந்த கண்ணோடு என் அருகில் வந்தார்.

"அக்கா இல்லேன்னா நான் இன்னைக்கு எங்க இருப்பேனோ. நீங்களும் அன்னைக்கு அக்கா கூடத்தானே நின்னீங்க சார்?"

நான் தலையை எப்படி அசைத்தேன் என்று நினைவில்லை. ஆம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

இல்லை சரோஜா, நான் நிற்கவில்லை. உங்கள் பெயர் எழுதிய அந்த அறிக்கையின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் என் கையெழுத்து, நல்ல அழகான கையெழுத்து. இன்னொன்று வெறுமையாக இருக்கிறது. யோகராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வெறும் கோடு ஒன்றுதான். நேற்று அந்தத் தாளை எடுத்து, அதைத் தொடாமல், என் கையெழுத்துக்குக் கீழே, அன்று அவர் எழுதிக் குடு என்று கேட்டதை எழுதினேன்:

'எப்பவும் இல்லை. கணக்கு என்னுடையது. காதர்.'